புது டயரும் வண்டியின் நடுக்கமும்

ஒன்று நிகழ்ந்தபின் மற்றொன்று நிகழுமாயின், முன்னது பின்னதற்குக் காரணமென்று துணிந்துவிடுதல் மக்கள் இயல்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்னும் பழமொழியைப் பிறரைப் பார்த்துச் சொல்லுகின்றோமேயன்றி, நம்முடைய காரியத்தில் அதனை நினைப்பார் அரியர். இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உளவேனும், தாம்பரத்தில் நாள்தோறும் காணத்தக்க ஒன்றையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்ளுகின்றோம். அஃதாவது, மோட்டார் வண்டிக்குப் புதிய டயர்கள் மாட்டியபின், பெருஞ்சாலையில் வேகமாகச் செல்லுங்கால் வண்டி நடுங்குதல். பொருள் சிறிதென்று வாசகர் எள்ளற்க. இதில் பணமும், பிழைப்பும், சில வேளைகளில் உயிரும் அடங்கியிருக்கின்றன.

வழக்கமாக நிகழ்வது இது. ஒருவர் தம் வண்டிக்கு நான்கு டயர்களும் புதிதாக வாங்கி மாட்டுகின்றார். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அதிற் போய்விடுகின்றது. நகருக்குள் ஒரு வாரம் ஓட்டும்போது வண்டி மெத்தென்று செல்லுகின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் செங்கற்பட்டை நோக்கிப் புறப்படுகின்றார். வண்டலூரைக் கடந்து வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரை எட்டியவுடன் ஸ்டியரிங் சக்கரம் கையில் நடுங்கத் தொடங்குகின்றது. மறுநாள் கடைக்குச் சென்று, "டயர் மோசம், மாற்றிக் கொடுங்கள்" என்கின்றார். கடைக்காரர், "டயரில் ஒன்றுமில்லை, சார், ரோடு அப்படி. கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்" என்கின்றார். அருகில் நிற்கும் மூன்றாமவர் ஒருவர், "அலைன்மென்ட் பார்த்தால் போதும்" என்று தம் பங்குக்குத் தீர்ப்புக் கூறுகின்றார். இம்மூவருள் ஒருவர் சொல்லுவது உண்மையாதலும் கூடும். ஆயினும் ஒருவரேனும் ஆராய்ந்து சொன்னாரில்லை. ஆராயாது சொன்ன உண்மை, கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாங்காயை வீழ்த்தியது போல்வதேயாம்.

எம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். புதிய டயர் ஐயத்துக்குரியதேயன்றிக் குற்றவாளியன்று. விசாரணை அதனிடத்தில் தொடங்குதல் முறை. அதனிடத்திலேயே முடிந்துவிடுதல் முறையன்று. அவ்விசாரணையில் வண்டிக்குரியவருக்கும் பங்குண்டு, கடைக்காரருக்கும் பங்குண்டு. இருவரும் தத்தம் பங்கைச் செய்யாமையாலேயே பல வண்டிகள் நடுக்கத்துடனே நம் சாலைகளில் ஓடுகின்றன.

டயர் பிறந்த வரலாற்றை நினைத்தால், அதன்மீது சுமத்தப்படும் இப்பழி சற்றே விந்தையாகத் தோன்றும். ஸ்காட்லாந்திற் பிறந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், கரடுமுரடான தெருவில் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிர்ந்து குலுங்குவதைத் தணிக்க விரும்பியே, பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்து 1888-ல் அதற்கு உரிமை பெற்றார். அவரே முதல்வர் என்று உலகம் நம்பியது. ஆனால் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரராகிய ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845-லேயே அத்தகைய டயருக்கு உரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. கண்ணுக்கு முதலில் தெரிவதே முதற்காரணம் அன்று என்பதற்கு டயரின் வரலாறே சான்றாகின்றது.

நம் கல்லூரிக்கும் டயருக்கும் உள்ள உறவும் ஈண்டு நினைக்கத்தக்கது. நம் பழைய மாணவராகிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் ரப்பர்ப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயர்களுக்கு மேற்பூச்சாக இடும் ரப்பரைச் செய்யத் தலைப்பட்டார். 1961-ல் அவருடைய மெட்ராஸ் ரப்பர் பாக்டரியில் முதல் டயர் உருவாயிற்று. பலூனுக்கும் டயருக்கும் பொதுவானது ரப்பருள் அடைபட்ட காற்று. வேறுபடுவது அளவின் துல்லியம். பலூன் சற்றுக் கோணலாயிருந்தால் குழந்தை சிரிக்கும். டயர் சற்றுக் கோணலாயிருந்தால் என்னாகும் என்பதையே இனிப் பார்ப்போம்.

ஒரு மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி அதன் முன்சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டால், அது நிற்குங்கால் பெரும்பாலும் ஒரே இடம் அடியில் வந்து நிற்பதைக் காணலாம். அவ்விடமே சக்கரத்தின் கனத்த பக்கம். அதற்கு நேரெதிரே சிறிது களிமண்ணை ஒட்டினால் சக்கரம் எங்கும் நிற்கக் கூடியதாகிவிடும். மோட்டார் வண்டியின் சக்கரத்தில் ரிம்மின் விளிம்பில் சிறு உலோகத் துண்டுகளை ஒட்டுவதும் தட்டி மாட்டுவதும் இக்காரணம் பற்றியே. இதனைப் பேலன்சிங் என்பர்.

இச்சிறு துண்டால் என்ன பயன் என்பார்க்குக் கணக்கே விடை கூறும். நடுத்தரமான ஒரு காரின் டயர் ஒரு சுற்று உருண்டால் ஏறக்குறைய 1.9 மீட்டர் தூரம் கடக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஆகவே அவ்வேகத்தில் சக்கரம் ஒரு விநாடிக்குப் பதினான்கு அல்லது பதினைந்து முறை சுழல்கின்றது. ரிம்மின் விளிம்பில், அச்சிலிருந்து 19 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு பக்கம் 30 கிராம் மட்டும் மிகையாக இருப்பதாகக் கொள்வோம். அவ்வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும் விசை, ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். அவ்விசை ஒரே திசையில் நில்லாமல், விநாடிக்குப் பதினான்கு முறை மேலும் கீழும் முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பி இழுக்கும். வேகம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகும். ஆதலின் மணிக்கு 50 கிலோமீட்டரில் அதே 30 கிராம் ஏறக்குறைய 1.2 கிலோ எடையளவே இழுக்கும்; அதனை ஓட்டுபவர் உணர்வதே அரிது.

மற்றுமொரு காரணமும் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு கைவிசையாலேயே அது உயர்ந்தாடும். போக்கறியாது தள்ளினால் ஆடாது. சக்கரமும் அதனைத் தாங்கும் வில் முதலிய உறுப்புகளும் சேர்ந்து, விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரையுள்ள அதிர்வில் இயல்பாகவே ஆடும் தன்மையுடையன. வண்டி மணிக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுங்கால் சக்கரத்தின் சுழற்சி அவ்வெண்ணோடு பொருந்துகின்றது. ஊஞ்சல் உயர்கின்றது. அவ்வெல்லையைத் தாண்டினால் நடுக்கம் குறைதலும் உண்டு. அதனாலேயே சிலர், "இன்னும் வேகமாக விரட்டினால் சரியாகிவிடுகின்றது" என்று மகிழ்கின்றனர். நோய் நீங்கிற்றில்லை, நோயின் குரலே அடங்கிற்று. விசையோ முன்னிலும் பெருகியிருக்கின்றது.

இக்கணக்கை நம் ஊரின் நிலைமையோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். தாம்பரம் கடைத்தெருவிலும், வேளச்சேரி சாலையிலும், முடிச்சூர் சாலையிலும் பகற்போதில் வண்டிகள் ஊர்ந்தே செல்லுகின்றன. டயர்க் கடைகள் அமைந்திருப்பன இத்தகைய சாலைகளிலேயே. மாட்டி முடித்தபின் கடைக்காரர் தெருவைச் சுற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்து, "அருமையாக இருக்கிறது" என்று சொல்லுவது பொய்யன்று. அவர் ஓட்டிய வேகத்தில் அக்குறை வெளிப்படாது. அஃது ஒளிந்திருந்து, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்கு அப்பாலோ, வண்டலூரினின்று மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையிலோ, வண்டியில் குழந்தைகளும் முதியோரும் அமர்ந்திருக்கும்போது, இருபுறமும் லாரிகளும் பேருந்துகளும் விரையும் நடுவில் தலைகாட்டும். குறை பிறந்த இடம் ஒன்று. வெளிப்படும் இடம் மற்றொன்று. கடைக்காரரும் வண்டிக்காரரும் ஒருவரையொருவர் பொய்யரென்று எண்ணுவதற்கு இதுவே மூலம். இருவரும் தாம் கண்டதையே சொல்லுகின்றனர். இருவரும் கண்ட வேகம் வேறு.

இனி, நடுக்கத்துக்குக் காரணமாகத் தக்கவை யாவை என ஆராய்வோம். புது டயர் மாட்டுதல் என்பது ஒரு செயலன்று. பல செயல்களின் தொகுதி. நட்டுகள் கழற்றப்படுகின்றன. சக்கரம் ஹப்பினின்று இறக்கப்படுகின்றது. பழைய டயர் ரிம்மினின்று பெயர்க்கப்படுகின்றது. புதியது ஏற்றப்பட்டுக் காற்றடைக்கப்படுகின்றது. யந்திரத்தில் பேலன்சிங் செய்யப்படுகின்றது. சக்கரம் மீண்டும் பூட்டப்பட்டு நட்டுகள் முறுக்கப்படுகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றிலும் பிழை நேர இடமுண்டு. பழைய எடைத் துண்டுகளைக் களையாமல் புதியவற்றை ஒட்டியிருக்கலாம். அழுக்குப் படிந்த ரிம்மில் ஒட்டிய துண்டு மறுநாளே விழுந்திருக்கலாம். டயரின் விளிம்பு ரிம்மில் ஒரு பக்கம் முற்ற அமராதிருக்கலாம். ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்க, சக்கரம் ஒரு தாள் கனம் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். வெளியில் வாங்கிய அலாய் ரிம்மின் நடுத்துளை ஹப்பினும் பெரிதாயிருந்து, இடையே வைக்க வேண்டிய வளையம் விடுபட்டிருக்கலாம். நட்டுகளை எதிரெதிராக முறுக்காமல், வரிசையாகச் சுற்றி முறுக்கியதால் சக்கரம் கோணியிருக்கலாம். இவை யாவும் புது டயர் வந்த நாளில் வந்தவையே. ஆயினும் டயரின் குற்றங்கள் அல்ல.

டயரே குற்றமுடையதாதலும் உண்டு என்பதை யாம் மறுக்கின்றோமில்லை. டயர் முழுவட்டமாயிராமல் ஓரிடத்தில் சற்றுப் புடைத்திருத்தல் கூடும். வட்டமாயிருப்பினும் ஓரிடம் மற்றையிடத்தினும் விறைப்பாயிருத்தல் கூடும். நெடுநாள் கிடங்கில் அழுந்திக் கிடந்து ஒரு பக்கம் தட்டையாதல் கூடும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களால் அது செய்யப்பட்ட காலம் விளங்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். வாங்குமுன் இதனைப் படித்தறிதல் வாங்குவோர் கடமை.

மூன்றாவதாக, டயருக்கும் அதனை மாட்டிய வேலைக்கும் தொடர்பில்லாத பழைய குறைகளும் உண்டு. மழைக்காலத்துப் பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம், தேய்ந்த ஸ்டியரிங் மூட்டு, தளர்ந்த பேரிங் ஆகியவை முன்னரே இருந்து, தேய்ந்த பழைய டயரின் இரைச்சலில் மறைந்திருந்தன. புது டயர் அமைதியாக ஓடவே அவை கேட்கத் தொடங்கின. சந்தை கலைந்தபின்னரே மூலையில் அழும் குழந்தையின் குரல் கேட்பது போல்வது இது. இங்ஙனம் நேருமிடத்துப் புது டயர் குற்றவாளியன்று, சாட்சி.

இத்தனை காரணங்களுள் உண்மையானதை எங்ஙனம் தேர்வது? தர்க்கம் பயின்ற மாணவர் ஜான் ஸ்டுவர்ட் மில் என்பாரை அறிவர். அவர் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலில், காரணத்தைக் கண்டறியும் முறைகள் சிலவற்றை வகுத்தனர். அவற்றுள் இரண்டு நமக்குப் போதும். ஒன்று மாறுங்கால் உடன் மாறுவது யாது என்று நோக்குதல் ஒன்று. மற்றவற்றையெல்லாம் இருந்தவாறே வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் மற்றொன்று. பரீட்சைக்காக மனனம் செய்த இவ்விரண்டும் ஜி.எஸ்.டி. சாலையில் நமக்கு உதவாவிடின் அப்படிப்பினாற் பயன் என்னை?

முதல் முறை வண்டிக்குரியவருக்கு உரியது. அவர் பணம் செலவிடாமலே பலவற்றை அறியலாம். நடுக்கம் எந்த வேகத்தில் தொடங்குகின்றது, எந்த வேகத்தில் மிகுகின்றது, எதில் அடங்குகின்றது? கையில் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரங்களிலும், இருக்கையும் தரையும் நடுங்கினால் பெரும்பாலும் பின்சக்கரங்களிலும் குறை இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயரை விடுத்துப் பிரேக் தட்டைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்தவுடன் நின்றால், சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத் தண்டின் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். வேகம் ஒன்றாயிருக்கக் கியரை மட்டும் மாற்றினாலும் நடுக்கம் மாறாதிருந்தால் குறை எஞ்சினில் இல்லை. மெல்லச் செல்லும்போதே 'தட், தட்' என்று உதைத்தால் பேலன்சிங் குறையினும் டயரின் வடிவக் குறையை ஐயுறுதல் தகும். இவற்றை ஓட்டுபவர் ஓட்டிக்கொண்டே எழுதுதல் ஆகாது. உடன் இருப்பவர் ஒரு தாளிற் குறித்தல் வேண்டும். அத்தாள் கடைக்காரர் கையிற் போகுமாயின், கோபமான நூறு சொற்களினும் அது மிகுதியாகப் பேசும்.

இரண்டாம் முறை கடைக்கு உரியது. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் பார்க்கத்தக்கவை செலவில்லாதவையும் ஆபத்து மிக்கவையுமாம். நட்டுகள் உரிய அளவு முறுக்கப்பட்டுள்ளனவா, காற்று உரிய அளவு உள்ளதா, டயரின் பக்கச்சுவரில் புடைப்பு உண்டா, எடைத் துண்டு விழுந்த தடம் தெரிகின்றதா என்பன. அடுத்து, சக்கரத்தை இறக்கி ஹப்பின் முகத்தைத் துரு நீக்கித் துடைத்து, மீண்டும் ஒழுங்காகப் பூட்டுதல். அடுத்து, பேலன்சிங்கை மீண்டும் பார்த்தலும், சக்கரம் சுழலும்போது ரிம்மும் டயரும் அலைகின்றனவா என்று கண்ணால் நோக்குதலும். அதன்பின்னும் நடுக்கம் நின்றதில்லையாயின், முன்சக்கரங்களைப் பின்னும், பின்னவற்றை முன்னும் மாற்றி ஓட்டிப் பார்த்தல். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் பெயர்ந்தால், குற்றம் சக்கரத்தோடு பெயர்ந்தது. ஆகவே அது டயரிலோ ரிம்மிலோ உள்ளது. நடுக்கம் ஸ்டியரிங்கிலேயே நின்றால், குற்றம் வண்டியிலேயே நின்றது. ஆகவே டயர் விடுதலை பெறும். பின்னர் ஒவ்வொரு சக்கரமாக ஸ்டெப்னியோடு மாற்றினால் குறையுள்ள ஒன்று அகப்பட்டுவிடும். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உடைய டயர்களை மட்டும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும். ஸ்டெப்னி அளவிற் சிறிய தற்காலிகச் சக்கரமாயின் அதனை வைத்து வேகச் சோதனை செய்தல் கூடாது. இவற்றில் யாதொன்றைச் செய்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. நான்கையும் ஒருங்கே மாற்றி நடுக்கம் நின்றால் வண்டி பிழைத்தது. ஆனால் நாம் ஒன்றும் கற்றோமில்லை. அடுத்த வண்டிக்கும் அதே துன்பம் வரும்.

இங்கே பரவியுள்ள இரண்டு தவறான எண்ணங்களைச் சுட்டுதல் அவசியம். "யந்திரம் பூச்சியம் காட்டிவிட்டது, இனிக் குறையில்லை" என்பது ஒன்று. பேலன்சிங் யந்திரம் சக்கரத்தைத் தன் அச்சில் வைத்துச் சுழற்றுகின்றதேயன்றி வண்டியின் அச்சில் வைத்தன்று. அதில் சக்கரத்தைக் கோணலாகப் பொருத்தினால் அது கோணலுக்கே பூச்சியம் காட்டும். அன்றியும், அது சக்கரத்தை வெறுவெளியிற் சுழற்றுகின்றது. சாலையோ டயரை அடியிலிருந்து அழுத்துகின்றது. டயரின் விறைப்பு இடத்துக்கிடம் வேறுபட்டால் சாதாரண யந்திரம் அதனைக் காணாது. உருளை ஒன்றால் டயரை அழுத்திச் சுழற்றும் வேறு வகை யந்திரமே காணும். மற்றொன்று, "அலைன்மென்ட் பார்த்தால் நடுக்கம் போகும்" என்பது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நோக்கும் கோணத்தைத் திருத்துவது. அது பிழைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். நேரான நடுக்கத்துக்கு அது காரணமாதல் அரிது. தலைவலிக்குக் கால் கட்டுப் போடுவது போல அதற்குப் பணம் கொடுத்து வருவார் பலர்.

இத்தனை ஆராய்ச்சி எற்றுக்கு, சிறு நடுக்கத்தோடு ஓட்டினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் வினவுவர். பேலன்சிங் குறையால் வரும் நடுக்கம் டயரையும் பேரிங்கையும் மெல்லத் தேய்க்கும். உடனே உயிரை வாங்குவதில்லை என்பது மெய்யே. ஆனால் முற்ற முறுக்கப்படாத நட்டுகளால் வரும் நடுக்கமும், உள்ளே கம்பிப் பட்டை பிரிந்த டயரால் வரும் நடுக்கமும் தொடக்கத்தில் ஏறக்குறைய அதேபோலத்தான் கைக்குத் தோன்றும். ஒன்று பொறுக்கத்தக்கது, மற்றையவை சக்கரம் கழலுதலிலும் டயர் வெடித்தலிலும் முடிவன. கை அறிந்து பிரிக்க மாட்டாத இவற்றைக் கண்ணும் கருவியுமே பிரிக்க வல்லன. நடுக்கம் திடீரென்று தோன்றினாலும், நாளுக்கு நாள் வளர்ந்தாலும், வண்டியை ஓரமாக நிறுத்திச் சக்கரத்தைப் பாராமல் மேற்செல்லுதல் ஆகாது. புது டயர் மாட்டி ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதித்தல் ஒவ்வொருவரும் கொள்ளத்தக்க வழக்கம்.

கடைக்காரர் பக்கத்தில் சொல்லத்தக்க நியாயமும் உண்டு. வாசலில் பத்து வண்டிகள் நிற்கையில் ஒரு வண்டியோடு ஒரு மணி நேரம் போராட அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆராய்ந்து பார்க்கும் நேரத்துக்குக் கூலி கேட்டால், "இதற்கும் பணமா?" என்று சண்டைக்கு வருவோர் நம்மவரே. டயருக்குப் பல ஆயிரம் கொடுக்க இசைபவர், அறிவுக்குச் சில நூறு கொடுக்க இசைவதில்லை. இதன் விளைவு யாதெனில், ஆராய்ச்சி செய்யப்படாமல், பழி மட்டும் கடையின் கடைசி மனிதன்மேல் இறங்குகின்றது. காலை முதல் மாலைவரை குந்தியிருந்து சக்கரம் கழற்றிப் பூட்டும் இளைஞனே அவன். "நீ ஒழுங்காகப் பூட்டவில்லை" என்பார் முதலாளி, "இவனுக்கு என்ன தெரியும்?" என்பார் வண்டிக்காரர். அவன் பூட்டியது சரியா தவறா என்று அளந்து பார்த்தார் யாருமிலர். சான்றின்றி ஒரு பொருளைத் தள்ளினால் பணம் போகும். சான்றின்றி ஒரு மனிதனைத் தள்ளினால் அவன் வீட்டில் அடுப்பு அணையும். யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு இதுவே தலையான காரணம்.

ஆகவே யாம் வேண்டுவன சில. கடைக்காரர்கள் பேலன்சிங் முடிந்தபின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன் எவ்வளவு குறை இருந்தது, எவ்வளவு எடை ஒட்டப்பட்டது என்பதை ஒரு சீட்டில் எழுதித் தருதல் வேண்டும். காற்றழுத்தக் கருவியால் நட்டுகளை விரைந்து முறுக்கினாலும், முடிவில் அளவுகாட்டும் டார்க் ரெஞ்சினால், வண்டியின் கையேட்டிற் கண்ட அளவுக்கு, வண்டிக்குரியவர் கண்முன்னே முறுக்கித் தருதல் வேண்டும். இவ்விரண்டும் அந்த இளைஞனுக்கும் காவலாகும். அவன் செய்த வேலைக்கு அவனிடம் எழுத்துச் சான்று இருக்கும். வண்டிக்குரியவர் கோபத்தோடு வாராது குறிப்போடு வருதல் வேண்டும். ஆராய்ச்சிக்குரிய நேரத்துக்குக் கூலி கொடுத்தல் வேண்டும். காரணம் தெரியுமுன் டயரை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதிருத்தல் வேண்டும். சோதித்தபின் டயரே குற்றமுடையதென்று தெளிந்தால், அதனை மாற்றிக் கேட்பதில் விட்டுக்கொடுத்தலும் ஆகாது.

இது மெக்கானிக்குகளின் தொழில். கலைக் கல்லூரியின் மலரில் இதற்கு இடம் ஏன் என்று கேட்பாரும் இருப்பர். நம்மைச் சூழ்ந்துள்ள நிலம் வண்டிகளின் நிலம். வண்டலூரில் முன்னாளில் ஸ்டாண்டர்டு கார்கள் செய்யப்பட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் டயர்த் தொழிற்சாலையும், வண்டிகளைச் சோதிக்கும் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. நம் மாணவர் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் இத்தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். இத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு, சக்கரம் ஏன் நடுங்குகின்றது என்று கேட்கத் தெரியாதிருத்தல் கல்விக்கு அழகன்று. பௌதிக வகுப்பில் சுழற்சி விசையின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுபவரும், தர்க்க வகுப்பில் காரண காரியத் தொடர்பை விரித்துரைப்பவரும், டயர்க் கடை வாசலில் நிற்கும்போது அவ்விரண்டையும் மறந்து குரலை உயர்த்துவராயின், வகுப்பறைக்கும் தெருவுக்கும் இடையே உள்ள மதில் நம் கல்லூரி மதிலினும் உயர்ந்ததாகும்.

நடுக்கம் என்பது வண்டி நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வி. அதற்கு விடை அறியாமலிருத்தல் குற்றமன்று. அறியாமலே விடை சொல்லுதல் குற்றம். புதிய டயர் மாட்டிய அன்பர்கள் தீர்ப்பை ஒரு நாள் தள்ளி வைத்து, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, நட்டிலிருந்து விசாரணையைத் தொடங்குவார்களாக. அதனால் சில வண்டிகள் நடுங்காமல் ஓடும். சில குடும்பங்கள் பத்திரமாக வீடு திரும்பும். கடை வாசலில் குந்தியிருக்கும் ஓர் இளைஞன் தான் செய்யாத பிழைக்கு ஏச்சுக் கேளாமல் அன்றைய கூலியை முழுமையாகக் கொண்டு செல்வான்.